நாரையிடம் சொன்ன ரகசியம்

சாயங்கால பஸ் எங்கள் ஊருக்குள் நுழையும் முன்பே அதன் பாட்டு நுழைந்துவிடும். முந்திரிக்காட்டைத் தாண்டும்போது தபேலா மட்டும். தென்னந்தோப்பு முக்கில் திரும்பும்போது குரல். புளியமரத்தடியில் வண்டி குலுங்கி நிற்கும்போது, புழுதிக்கும் பாட்டுக்கும் நடுவிலிருந்து மாமா இறங்குவார். இறங்கியதும் அவர் கண் மைல்கல் பக்கம் போகும். அதன்மேல் நான் உட்கார்ந்திருப்பேன், பள்ளிக்கூடப் பாவாடையைக்கூட மாற்றாமல்.

"இன்னைக்கு என்ன பிடிச்சீங்க மாமா?"

"ஆந்தை."

"எந்தப் பாட்டுல?"

பஸ் கீரமங்கலம் பக்கம் கிளம்பும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். போன பிறகுதான், ஊர்க்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் பாடுவார். "ஆசையில் விழுந்தேன் அடி பெண்ணே" என்று அந்த வருஷம் ஒரு பாட்டு கிடந்து அலறியது. மாமா வாயில் அது "ஆந்தையாய் விழித்தேன் அடி பெண்ணே" என்று வரும். கண்ணை உருட்டி, கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி, ரோட்டோரத்தில் ஆந்தையாகவே நிற்பார். நான் மைல்கல்லிலிருந்து சரிந்து விழுந்து சிரிப்பேன்.

புதுக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மாமாவுக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோவில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் கையில் அச்சாகும். விரல் நுனிகளில் எப்போதும் மை. அப்பா சிங்கப்பூரில் இருந்தார். அப்பாவின் குரல் கேசட்டில் வரும். நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்கும். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். வீட்டில் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். பதில் சொல்கிற ஆண்குரல் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அது சாயங்கால பஸ்ஸில் வந்தது, வரும்போது ஒரு பறவையோடு வந்தது.

அந்த நாள்களில் பாட்டு நன்றாகப் போடுகிற பஸ்ஸுக்குத்தான் கூட்டம். டிரைவர் தலைக்கு மேலே டேப், அதைச் சுற்றி ஊதா விளக்கு. அதில் ஓடுகிற பாட்டு எதுவானாலும் அதன் முதல் வரிக்குள் ஒரு பறவையை நுழைத்துவிட வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு. எடுக்கிற சொல்லும் வைக்கிற பறவையும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். எல்லாச் சட்டமும் நான் போட்டதுதான். முக்கியமான சட்டம், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது.

அம்மாவுக்கு மட்டும் விலக்கு. அம்மாவைச் சிரிக்க வைக்காமல் அந்த வீட்டில் வேறு யாரை வைப்பது. ஓர் அமாவாசைக்கு அம்மா சோற்றைப் பிசைந்து சுவர்மேல் வைத்துவிட்டுக் கா கா என்று கரைந்துகொண்டிருந்தாள். காக்கை எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. பசி எங்கள் மூவருக்கும். மாமா பின்னால் போய் நின்று, கையை மார்பில் வைத்துக்கொண்டு, "காதலா, என்னைக் காத்திருக்க வைக்காதே" என்ற சோகப் பாட்டை எடுத்து, "காக்கையே, என்னைக் காத்திருக்க வைக்காதே" என்று உருகினார். அம்மா, "செத்தவங்க காதுல விழுகும்டா, சும்மா இரு" என்று திட்டிக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு நாள் அவள் கோபத்தில் சோறு போடாமல் இருந்தபோது, அடுப்படி வாசலில் ஒற்றைக்காலைத் தூக்கி நின்றுகொண்டு, "கொஞ்சம் சிரிக்கவா, கோபம் தீரவா" என்பதை "கொக்காய் நிற்கவா, கோபம் தீரவா" என்று மாற்றினார். சோறு வந்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சனிக்கிழமையும் அச்சகம் உண்டு. அதே பஸ்ஸில்தான் வருவார். அதே பாட்டுகள்தான் ஓடும். ஆனால் பறவை இருக்காது.

"சனிக்கெழம அதுக்கெல்லாம் லீவு தாயி" என்பார்.

மே மாதம் முழுக்க ஒன்றும் கிடைக்காது. மைல்கல் கொதிக்கும், நான் பாவாடையை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன், மாமா வெறுங்கையோடு, வெறுமுகத்தோடு இறங்குவார். ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்ததும் கிளியும் குயிலும் கௌதாரியுமாகக் கொட்டும். கோடையில் பறவைகள் இடம்பெயரும் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். தரகர் அறந்தாங்கிப் பக்கம் ஒன்று, திருமயம் பக்கம் ஒன்று என்று கொண்டுவந்ததையெல்லாம் மாமா வேண்டாம் என்றார். "ஆலங்குடிப் பக்கம் பாருங்களேன், அங்கிட்டு நல்ல எடம் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். தரகர் போய், என்ன அதிசயம், முதல் வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். பெண் புதுக்கோட்டையில் டீச்சர். அம்மா போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். நான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் குறை தேடினேன். மூக்கு கொஞ்சம் நீளம். நெற்றி கொஞ்சம் அகலம். சிரித்த மாதிரியும் இல்லை, சிரிக்காத மாதிரியும் இல்லை; வாய்க்குள் எதையோ அடக்கி வைத்திருக்கிற முகம். எனக்குப் பிடிக்கவில்லை.

பெரியம்மா வேறு வந்து சேர்ந்தாள். அம்மாவின் அக்கா. வாய்க்கு வெற்றிலையும் ஆளுக்கு வம்பும் வேண்டும்.

"ஏண்டி, ஒன் மாமனை ஒருத்தி கொத்திக்கிட்டுப் போகப் போறா, நீ பாட்டுக்கு மாங்கா தின்னுக்கிட்டு இருக்க?"

"கொத்திக்கிட்டுப் போகட்டும், எனக்கென்ன?"

"மொறைக்காரி பேசுற பேச்சா இது?"

முறையெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. மாமாவை அவள் எடுத்துக்கொள்ளட்டும். அவர் சட்டையை, அவர் செருப்பை, அவர் சாப்பிடுகிற தட்டை எடுத்துக்கொள்ளட்டும். பறவைகளை எடுத்துக்கொள்வாளோ என்பதுதான் என் கவலை. பந்தல்கால் நட்ட அன்று மாமாவைத் தனியாகப் பிடித்தேன்.

"அவங்களுக்குப் பறவைப் பாட்டுச் சொல்லித் தருவீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். பிறகு சிரிப்பு பீறிட்டு, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார்.

"நானா? அவளுக்கா? சத்தியமாச் சொல்லித் தர மாட்டேன் தாயி."

தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாத்து ஒன்று கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் கொண்டுவந்தது பறவை இல்லாத ஒரு பாட்டு. "யாரிடம் சொல்வேன் இந்த ரகசியம், நீயின்றி வாழ்வது அதிசயம்" என்று டீக்கடையிலெல்லாம் ஓடிக்கொண்டிருந்த புதுப் பாட்டு.

"இதுக்கு என்ன முட்டியும் கெடைக்கல. யா-வுல எந்தப் பறவை இருக்கு, சொல்லு."

யாவில் யானைதான் இருந்தது. நானும் யோசித்தேன். குளிக்கும்போது யோசித்தேன், கணக்குப் பீரியடில் யோசித்தேன். கிடைக்கவில்லை. மாமாவுக்கே கிடைக்காத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, ரகசியமான சந்தோஷமாகவும் இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த பூட்டு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பெண் முதன்முதலாக வீட்டுக்குள் வரும்போது, மாப்பிள்ளையின் முறைப்பெண் யாராவது நிலைப்படியில் கையை நீட்டி மறிப்பாள். ஒரு கேள்வி கேட்பாள். பெரும்பாலும் புருஷன் பேரைச் சொல்லச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் வழி விட வேண்டும். சொல்லத் தெரியாமல் தோற்றால், மறித்தவளே புதுப்பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும். எப்படியும் பெண் உள்ளே வந்துவிடுவாள். அந்தக் கடைசிப் பகுதியை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கவில்லை.

மேளம் முன்னே வர, அவள் வந்தாள். அரக்குப் பட்டு. நெற்றியில் வியர்வை. அம்மா ஆலாத்தி சுற்றிவிட்டு நகர்ந்ததும் பெரியம்மா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். "மறிடி."

நான் நிலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கை எட்டவில்லை. கட்டைவிரலில் எம்பினேன்.

"பேர் எல்லாம் கேக்க மாட்டேன். நான் ஒரு பாட்டுச் சொல்லுவேன். அதுல ஒரு பறவையை வச்சுப் பாடணும்."

கூட்டம் சிரித்தது. "இது என்னடி புது வழக்கம்?" என்றாள் பெரியம்மா. மாமா மாலையைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்துகொண்டார்.

நான் முன்பே எடுத்து வைத்திருந்தேன். தெரியாவிட்டால் வெளியே நிற்க வேண்டும். தெரிந்தால் தன்னைத் தானே கேவலப்படுத்திக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பாட்டு.

"வாசலில் நின்றவள் யாரோ."

வாசலில் நின்றவள் தலை குனிந்திருந்தாள். தலையில் இருந்த பூ லேசாக ஆடியது. பிறகு, குனிந்த தலை நிமிராமல், ராகம் பிசகாமல், மெதுவாக:

"வாத்தென நின்றவள் யாரோ."

வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பட்டுப்புடவையில், புதுத்தாலியில், ஊரே பார்க்க ஒருத்தி தன்னை வாத்து என்று சொல்லிக்கொண்டாள். நாதஸ்வரக்காரருக்கே சீவாளி வாயிலிருந்து நழுவியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அது போன வாரத்து வாத்து. மைல்கல்லில் வைத்து என் காதில் மட்டும் விழுந்த வாத்து. அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் தோரணத்தில் எத்தனை மாவிலை என்று பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலையில் அடித்த சத்தியம். காதுக்குள் ஊதா விளக்கு எரிந்தது எனக்கு.

"சரி, விடுடி, சொல்லிட்டாள்ல" என்று யாரோ சொன்னார்கள். நான் விடவில்லை. இன்னும் அகலமாகக் கையை நீட்டினேன்.

"இன்னொண்ணு. யாரிடம் சொல்வேன் இந்த ரகசியம்."

"தாயி, அது வந்து..." என்றார் மாமா.

"நீங்க பேசாதீங்க."

அவள் இப்போது நிமிர்ந்தாள். முதல் தடவையாக என்னை முழுசாகப் பார்த்தாள். போட்டோவில் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த அந்த எதுவோ, உதடு வரைக்கும் வந்தது. நான் பார்த்தேன். உதடு பிரிந்தது. எம்பி நின்ற கட்டைவிரல் வலித்தது, கண்ணில் நீர் முட்டியிருந்திருக்க வேண்டும். அவள் உதட்டை மூடிக்கொண்டாள்.

"தெரியலையே பாப்பா. தோத்துட்டேன்."

"டீச்சரம்மாவே பெயிலாயிருச்சு" என்று பெரியம்மா கை தட்டினாள். "புடிடி கைய, கூட்டிக்கிட்டுப் போ உள்ள."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஜெயித்தவள் செய்ய வேண்டிய வேலை என்ன என்று. யாரை உள்ளே விடக்கூடாது என்று விரல் நோக நின்றேனோ அவளை நானே கை பிடித்துக் கூட்டிப்போனேன். மருதாணிக் கை. சூடாக இருந்தது. உள்ளே வந்த பிறகும் அவள்தான் விடவில்லை, நான் உருவிக்கொண்டேன்.

விருந்து, மறுவீடு, குலசாமி கோவில் என்று நாள்கள் போயின. மாமா வேலைக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் நான் மைல்கல்லில் இருந்தேன். பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் உட்காரும் இடம் வேறு தெரியவில்லை.

மாமா இறங்கினார். பஸ் போகக் காத்திருந்தார்.

"யா-வுக்குக் கெடச்சிருச்சு" என்றார்.

பேசுவதில்லை என்பது அங்கேயே போயிற்று. "என்ன?"

"எழுத்தப் பாக்காத. காதால கேளு." கழுத்தை நீட்டி, ஒரு கால் மடக்கி, அந்தி வெளிச்சத்தில் நின்றுகொண்டு பாடினார். "நாரையிடம் சொல்வேன் இந்த ரகசியம்."

என் சட்டத்தை உடைத்துக்கொண்டு வந்த முதல் பறவை. அதனால்தானோ என்னவோ மற்ற எதையும்விட அழகாக இருந்தது. இன்னொரு முறை பாடச் சொன்னேன். என்னிடம்தான் வந்திருக்கிறது. வீட்டில் ஒருத்தி வந்த பிறகும், மைல்கல்லுக்கு வந்து என்னிடம் இறக்கி வைத்திருக்கிறார். அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவளிடம் காட்ட வேண்டும். தோற்ற கேள்விக்கு விடை இதுதான் என்று முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.

இன்னும் லீவில் இருந்த அத்தை கொல்லைப்புறத்தில் துவைகல்லில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். கண்மாய்க் கெண்டை. கன்னத்தில் ஒரு செதில் ஒட்டி மின்னியது.

"அன்னைக்கு வாசல்ல தோத்தீங்கள்ல?"

"ஆமா பாப்பா."

"அதுக்கு விடை என்ன தெரியுமா?"

"தெரிஞ்சாத் தோத்திருப்பேனா? நீதான் சொல்லேன்."

பாடிக் காட்டினேன். கழுத்தை நீட்டி, காலை மடக்கி. அத்தை மீனைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரிப்பாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைக்கப் போய் இன்னொரு செதில் ஒட்டியது.

"எப்புடித்தான் தோணுதோ ஒங்க மாமாவுக்கு."

"பஸ்ல பிடிப்பாரு. எனக்கு மட்டுந்தான் கொண்டுவருவாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். பின்னால் மீன் உரசுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குத் தாளமாக, தனக்குத்தானே, அடுத்த வரி வந்தது.

"மீனின்றி வாழ்வது அதிசயம்..."

நின்றுவிட்டேன். நீயின்றி. மீனின்றி. நாரைக்கு மீன். எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது. மாமா எனக்குச் சொன்னது ஒரு வரிதானே. எனக்கு ஒன்று, இவளுக்கு இரண்டா. எனக்கு நாரை, இவளுக்கு நாரையும் மீனுமா.

அடிகுழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"அவங்களுக்கு மட்டும் ரெண்டு வரியா? சத்தியம் பண்ணீங்களே."

மாமா ஈர முகத்தோடு கொல்லைப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் சொல்லித் தரல தாயி. சத்தியமா."

"பொய்."

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டைக்கு அத்தையோடு பஸ்ஸில் போனேன். ஓய்வு பெற்ற டீச்சர். முட்டி வலிக்கு ஜன்னலோர சீட். என் தோளில் ஒரு கை. டிரைவர் ஏதோ பாட்டுப் போட்டான். அத்தை என் காதுப்பக்கம் சாய்ந்து அதில் ஒரு மீன்கொத்தியை வைத்தாள். நான் சிரித்து முடிப்பதற்குள் அவளாகவே சொல்லத் தொடங்கினாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"ஸ்கூல் விட்டதும் மூணு பஸ்ஸ விட்டுட்டு நிப்பேன், ஒங்க மாமா வர்ற பஸ்ஸுக்கு. பேச முடியுமா அப்ப? எல்லாம் தெரிஞ்ச ஆளுக. ஆலங்குடியில எறங்குறப்ப படிக்கட்டுக்கிட்ட நிப்பாரு. கூட்டத்துல ஒரசிக்கிட்டு எறங்குறாப்புல, ஒரு பறவையச் சொல்லிட்டு எறங்கிருவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. அதுவும் மொத மொதல்ல அவரு வாயத் தொறந்து கேட்டதே, எங்கக்கா மகளுக்கு இன்னொண்ணு வேணுமாம்னுதான். மறுநாள் காலைல பஸ்ல ஏறுனதும் நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பாப்பா சிரிச்சுச்சா?"

சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. மே மாதம் பள்ளிக்கூடம் கிடையாது. அவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது அது. மாமா தன் சத்தியத்தைக் கடைசிவரை மீறவே இல்லை.

அந்தச் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. அடிகுழாயடியிலிருந்து நேராக ரோட்டுக்கு ஓடினேன். கீரமங்கலம் போன பஸ் அதே வழியாகத்தான் திரும்பிப் போகும். இருட்டத் தொடங்கியிருந்தது. மைல்கல்லில் ஏறி உட்கார்ந்தேன். எத்தனை பறவைகள் கொடுத்த வண்டி. இதில் வந்ததையெல்லாம் ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொண்டுவிட்டாளே. வண்டி வந்தது. நிற்கவில்லை. ஊதா விளக்கு கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டு போயிற்று. தென்னந்தோப்பு முக்கில் குரல் போனது. முந்திரிக்காட்டில் தபேலாவும் போனது.

அது போன திசையையே பார்த்துக்கொண்டு அழுதேன். முதுகுக்குப் பின்னால், வீட்டுப் பக்கமிருந்து, மீன் குழம்பு கொதிக்கிற வாசம் வந்தது. வாசலில் நின்று யாரோ பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை.